ஈயின் இறக்கையில் ஒரு பொய் நரம்பு

எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு துளசிச் செடிகள் இருக்கின்றன. அவை கதிர்விட்டுப் பூக்கும் நாட்களில், காலை எட்டு மணி வெயில் மதிலைத் தாண்டி இறங்கியதும், அரிசி மணியின் நீளமே உள்ள ஈக்கள் ஐந்தாறு அங்கே வந்து சேரும். மார்பு சாம்பல் நிறம், வயிற்றில் கொஞ்சம் மஞ்சள், கண்கள் செம்பழுப்பு. அந்தக் கண்களின் குறுக்கே அலையலையாகக் கருவரிகள் ஓடும். அந்த வரிகளைப் பார்த்துத்தான் நான் அவற்றைப் படமெடுக்கத் தொடங்கினேன். வரிக்கண்ணும் பூவில் தேன் குடிக்கும் வழக்கமும் சேர்ந்திருந்ததால், இவை மலர் ஈக்கள், அதாவது நம் வேளாண் நூல்களில் சிர்ஃபிட் ஈக்கள் என்று குறிக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று முடிவு செய்தேன். அந்தக் குடும்பத்திலுள்ள எரிஸ்டாலினஸ் என்னும் பேரினத்துக்குக் கண்ணில் புள்ளியோ வரியோ இருக்கும் என்று படித்திருந்தேன். ஆகவே மூன்று மாதங்களில் எடுத்த 41 படங்களுக்கும் எரிஸ்டாலினஸ் என்றே பெயரிட்டு வைத்தேன்.

அந்தப் பெயர் தவறு. அது தவறு என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது கண் அல்ல, இறக்கை.

ஒரு நாள் ஈ ஒன்று துளசியிலிருந்து எழுந்து வெள்ளையடித்த மதிலில் போய் உட்கார்ந்தது. இறக்கைகளைப் பாதி விரித்த நிலையில் அது இருந்ததால், சுண்ணாம்பு வெள்ளையின் மேல் ஒவ்வொரு நரம்பும் பேனாவால் கோடிட்டது போலப் படத்தில் விழுந்திருந்தது. மலர் ஈக்களின் இறக்கையில் ஒரு விசேஷம் உண்டு. மூன்றாவது நீள நரம்புக்கும் நான்காவது நீள நரம்புக்கும் நடுவே, இறக்கைச் சவ்வு மடிந்து தடித்தது போல ஒரு கோடு ஓடும். அது எந்த நரம்பிலிருந்தும் புறப்படுவதில்லை, எந்த நரம்பிலும் போய்ச் சேர்வதுமில்லை. நரம்பு போலத் தோன்றினாலும் நரம்பு அல்லாததால் அதைப் பொய் நரம்பு என்கிறார்கள். ஒரு சில விதிவிலக்குகள் தவிர, அந்தக் குடும்பத்து ஈக்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும். என் படத்தைப் பெரிதாக்கி அந்த இடத்தைத் தேடினேன். அங்கே வெறும் சவ்வுதான் இருந்தது.

பொய் நரம்பு இல்லை என்று தெரிந்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. நான்காவது நீள நரம்பு இறக்கையின் நுனியை நெருங்கும்போது சட்டென்று மேல்நோக்கி வளைந்திருந்தது. மலர் ஈக்களில் வெளிநரம்புகள் இறக்கை விளிம்புக்கு இணையாக ஓடி, விளிம்புக்குள் இன்னொரு விளிம்பு போலத் தெரியும். முகத்தின் கீழ்ப்பகுதி பளபளப்பான கருப்பாக, மூக்கு நீண்டது போல முன்னே துருத்தியிருந்தது. சாம்பல் மார்பில் ஒவ்வொரு மயிரும் ஒரு கரும்புள்ளியிலிருந்து எழுந்திருந்தது. குட்டையான உணர்கொம்பிலிருந்து கிளைக்கும் முள்ளில் மேற்பக்கம் மட்டும் சீப்புப் பற்களைப் போல மயிர்வரிசை. இவையெல்லாம் ஸ்டோமோரைனா என்னும் பேரினத்தின் அடையாளங்கள். அது மாமிச ஈக்களுக்கும் பச்சை ஈக்களுக்கும் உறவுள்ளது. மலர் ஈக்களுக்கு மிகத் தூரத்துச் சொந்தம். மூன்று மாதங்களாக நான் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணை மட்டுமே என்பதால், உறவு முறையையே மாற்றிச் சொல்லியிருந்தேன்.

ஈக்களைப் படத்திலிருந்து இனம் காண்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. நம் கண்ணைக் கவரும் உறுப்பு ஒன்று, பெயரைத் தீர்மானிக்கும் உறுப்பு வேறொன்று. அந்த வேறொன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தத் திசையிலிருந்து படம் எடுத்தால்தான் பெயர் கிடைக்கும்.

முதலில், படத்தில் இருப்பது ஈதானா என்பதையே உறுதி செய்ய வேண்டும். ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் இறக்கை இரண்டுதான். பின் இறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி போன்ற இரு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்பதை ஈக்கு உணர்த்துபவை அவையே. தேனீயையும் குளவியையும் போல வேடமிட்ட ஈக்கள் ஏராளம் என்பதால், மஞ்சள் கருப்புப் பட்டையை நம்பக் கூடாது. தேனீக்கும் குளவிக்கும் உணர்கொம்பு நீளமானது. வேடமிட்ட ஈக்குப் பெரும்பாலும் மூன்று குட்டைக் கணுக்களும் ஒரு முள்ளும் மட்டுமே. பக்கவாட்டுப் படத்தில் இறக்கையின் அடியில் குமிழ் தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. இதுவரை பெயரிடப்பட்ட ஈ இனங்கள் உலகில் 1,50,000க்கும் மேல்; இந்தப் பெருங்கூட்டத்தின் வாசலைத் தாண்ட அந்தக் குமிழே போதும்.

வாசலைத் தாண்டிய பின் எல்லா ஈயும் ஒரே அளவு கடினம் அல்ல. குளியலறைச் சுவரில் சிறிய சாம்பல் நிறப் பஞ்சுத் துண்டு போல, மேலிருந்து பார்த்தால் இதய வடிவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஈயை எல்லாரும் பார்த்திருப்போம். இறக்கை முழுதும் மயிர். விளிம்பில் நரம்புகள் முடியும் இடங்களில் வெள்ளைப் புள்ளிகள். அது கிளாக்மியா ஆல்பிபங்டேட்டா. சாக்கடைக் குழாயின் வழுக்கல் படலத்தில் வளரும் புழுவிலிருந்து வருவது. கைப்பேசியில் மேலிருந்து எடுத்த ஒரே படம் போதும். அதே போல, அவரைப் பந்தலில் அசுவினியைத் தின்னும் புழுக்களை ஈன்று தரும் மலர் ஈக்களில் எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்பது, வயிற்றின் ஒவ்வொரு நடுக்கண்டத்திலும் தடித்த கரும்பட்டை ஒன்றும் மெல்லிய கரும்பட்டை ஒன்றும் இரட்டை மீசை போல அமைந்திருப்பதால், மேலிருந்து எடுத்த படத்திலேயே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆனால் அதே பந்தலில் பறக்கும் இஸ்கியோடானையும் ஸ்ஃபெரோஃபோரியாவையும் அப்படிப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒல்லி, இரண்டும் மஞ்சள், இரண்டுக்கும் மார்பின் ஓரத்தில் மஞ்சள் கோடு. இஸ்கியோடான் ஆணுக்குப் பின்காலின் அடியில், தொடை தொடங்குவதற்கு முன்னுள்ள சிறு கணுவில், ஒரு நீண்ட முள் இருக்கும். அந்த முள்ளைப் பார்க்க ஈயின் வயிற்றுப் பக்கம் படம் வேண்டும். அவரை இலையின் கீழ் தலையை நுழைத்து, மேலே நிற்கும் ஈயைக் கீழிருந்து எடுக்கும் பழக்கம் எனக்கு அந்த முள்ளால்தான் வந்தது.

ஆணா பெண்ணா என்று பார்ப்பது அடுத்த படி. பல குடும்பங்களில் ஆணின் கண்கள் இரண்டும் நெற்றியில் ஒட்டியிருக்கும். பெண்ணின் கண்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும். இது வெறும் தகவல் அல்ல, ஏனெனில் இனத்தைப் பிரிக்கும் அடையாளம் பல நேரம் ஆணிடம் மட்டுமே இருக்கிறது. மீன் கடையில் மொய்க்கும் பெரிய நீலப்பச்சை ஈயான கிரைசோமையா மெகாசெஃபலாவை எடுத்துக்கொள்வோம். அதன் ஆணை நேர்முகமாகப் படமெடுத்தால், கூட்டுக்கண்ணின் மேற்பகுதியில் உள்ள சிறுகண்கள் பெரியவையாகவும் கீழ்ப்பகுதியில் உள்ளவை மிகச் சிறியவையாகவும் இருப்பதும், இரண்டுக்கும் நடுவே வயல் வரப்பு போலத் தெளிவான எல்லை ஓடுவதும் தெரியும். முதுகுப்பக்கப் படத்தில் இது தெரியாது. அதன் நெருங்கிய உறவான கிரைசோமையா பெஸ்ஸியானாவில் அந்தச் சிறுகண்கள் மேலிருந்து கீழாகப் படிப்படியாகச் சிறுக்கின்றன, எல்லைக்கோடு இல்லை. இறக்கையின் அடியில் உள்ள செதில் போன்ற மடலும் மெகாசெஃபலாவில் பழுப்பு, பெஸ்ஸியானாவில் வெண்மை.

இந்த வேறுபாட்டை நான் அக்கறையுடன் படித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருக்கோடியில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர், நான் வேலியோரம் குனிந்து நிற்பதை நாள்தோறும் பார்ப்பவர், ஒரு நாள் தன் ஆட்டின் காதுப் புண்ணைக் காட்டி, "போட்டோவ வெச்சே இது எந்த ஈன்னு சொல்லிப்போடுவீங்களா, தம்பி?" என்று கேட்டார். புண்ணில் புழு வைத்திருந்தது. மெகாசெஃபலா முக்கியமாக அழுகியதிலும் கழிவிலும் முட்டையிடுவது. பெஸ்ஸியானா உயிருள்ள விலங்கின் புண்ணில் மட்டுமே முட்டையிடுவது, அதன் புழு தலைகீழாகத் திருகிக்கொண்டு நல்ல சதையைத் தின்றபடி உள்ளே இறங்கும். 1914ஆம் ஆண்டில்தான் அது தனி இனமாகப் பெயர் பெற்றது. அதுவரை ஒன்றை மற்றொன்றாகக் கருதியே எழுதி வந்தார்கள். என் கையில் இருந்தது புண்ணருகே பறந்த ஈ ஒன்றின் முதுகுப்படம். அதிலிருந்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. அங்கே பறந்த ஈதான் முட்டையிட்டது என்பதற்கும் உறுதி இல்லை. "படத்துல தெரியாதுங்க ஐயா, இன்னைக்கே மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன். அன்று மாலையே கொண்டுபோய்ப் புழுவை எடுத்து மருந்து வைத்துவிட்டார்கள். ஊகத்தைப் பெயராகச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உள்ளம் பதைக்கிறது.

படத்திலிருந்து பெயர் சொல்வது உண்மையிலேயே பயன்படுவதை நான் கண்டது மாமரத்தடியில். வைகாசியில் காய் பழுக்கத் தொடங்கும்போது, பழத்தின் தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதைச் சுற்றி மெலிந்த கருகலும் தோன்றினால், பழ ஈ முட்டையிட்டுவிட்டது என்று தெரியும். எந்தப் பழ ஈ என்பதுதான் கேள்வி. நம் பக்கத்தில் மாவில் பொதுவாகக் காண்பவை பாக்ட்ரோசெரா பேரினத்து மூன்று இனங்கள்: டார்சாலிஸ், சோனாட்டா, கரெக்டா. மூன்றும் வீட்டு ஈயின் அளவு, மூன்றும் குளவிச் சாயல், மூன்றுக்கும் மார்பின் இரு ஓரங்களில் மஞ்சள் கோடு. முதலில் இறக்கையைப் பார்க்க வேண்டும். டார்சாலிஸின் இறக்கையில் முன்விளிம்பு நெடுக ஒரு மெல்லிய பழுப்புப் பட்டை அறுபடாமல் நுனிவரை போகும். மற்ற இரண்டில் அந்தப் பட்டை அறுந்துபோய், நுனியில் ஒரு பழுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சும். அவை இரண்டையும் பிரிக்க முகத்தைப் பார்க்க வேண்டும். சோனாட்டாவின் முகத்தில் இரண்டு கரும்புள்ளிகள் தனித்தனியே இருக்கும். கரெக்டாவில் அவை குறுக்கே நீண்டு ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வந்துவிடும். உடல் நிறமும் உதவும்: சோனாட்டா செம்பழுப்பு, டார்சாலிஸின் மார்பு பெரும்பாலும் கருப்பு. ஆனால் நிறத்தைக் கடைசியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கூட்டிலிருந்து அன்றைக்கே வெளிவந்த ஈ எந்த இனமானாலும் வெளிறித்தான் இருக்கும். கருமை ஏற நேரம் பிடிக்கும்.

பாகற்கொடியிலும் பீர்க்கங்கொடியிலும் வருவது வேறு. அதன் மார்பில் ஓரத்து இரு கோடுகளோடு நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு உண்டு. இறக்கையில் குறுக்குப் பட்டைகளும் உண்டு. அது சூகோடாகஸ் குகர்பிட்டே. மேலிருந்து எடுத்த தெளிவான ஒரு படத்தில் மூன்று கோடுகளும் தெரிந்துவிடும்.

சென்ற வைகாசியில் எங்கள் மரத்தடிப் பழங்களைத் தனித்தனியே மணல் பரப்பிய டப்பாக்களில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, புழு மணலில் இறங்கிக் கூடாகி ஈயாக வெளிவரும்வரை காத்திருந்தேன். பூவிலோ இலையிலோ ஈயைத் துரத்திப் படமெடுப்பதைவிட இது பல மடங்கு நல்ல வழி. எந்தப் பழத்திலிருந்து வந்தது என்பது உறுதி; கண்ணாடிச் சுவரில் அது நடக்கும்போது வயிற்றுப்பக்கமும் கிடைக்கும், முகமும் கிடைக்கும். முதல் ஈ வெளிவந்த காலையை என்னால் மறக்க முடியாது. அதன் நெற்றி நீர் நிரப்பிய பலூன் போல உப்பியும் சுருங்கியும் துடித்தது. கூட்டின் மூடியை உடைக்கவும் மணலை விலக்கி மேலே வரவும் ஈ பயன்படுத்தும் பை அது. வெளியே வந்ததும் தலைக்குள் இழுத்துக்கொள்ளும், பிறகு நெற்றியில் தலைகீழ் லாட வடிவத் தழும்பு ஒன்று மட்டும் மிஞ்சும். அந்தத் தழும்பும் ஓர் அடையாளமே: வீட்டு ஈ, பழ ஈ, மாமிச ஈ போன்ற பெரும் பிரிவுக்கு அது உண்டு, மலர் ஈக்களுக்கு இல்லை. துளசி ஈயின் முகத்தை நான் அப்போதே ஒழுங்காகப் பார்த்திருந்தால் இறக்கைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

டார்சாலிஸைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். 2003ஆம் ஆண்டு கென்யாவில் மாமரங்களில் புதிய பழ ஈ ஒன்று தென்பட்டு, ஆப்பிரிக்கா முழுதும் வேகமாகப் பரவியது. 2005இல் அதற்குப் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று புதிய இனப் பெயர் வைத்தார்கள். இலங்கையிலும் அதே ஈ காணப்பட்டது. மார்பின் நிறம் பல தனியன்களில் சிவப்புப் பழுப்பாக இருந்ததும் அதைத் தனி இனமாக நினைக்க ஒரு காரணம். பின்னர் மரபணு, இணைசேர்க்கை, உடல் அளவைகள், நறுமணக் கூறுகள் என்று பல வழிகளிலும் ஒப்பிட்டுப் பார்த்து, 2015இல் அது டார்சாலிஸே, வேறு இனம் அல்ல என்று முடிவு செய்தார்கள். ஈயைக் கையில் வைத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்களுக்கே பத்து ஆண்டுகள் தேவைப்பட்ட கேள்வி அது. மாமரத்தடியில் எடுத்த படத்தில் மார்பு கொஞ்சம் சிவந்திருக்கிறதே என்று வேறு பெயர் சொல்லத் தோன்றும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்கிறேன்.

படத்தால் எட்டவே முடியாத இடங்களும் இருக்கின்றன, அவற்றை எட்ட முடியாதவை என்று அறிந்திருப்பது அவசியம். மார்பில் மூன்று கருங்கோடும் வயிற்றில் சதுரங்கக் கட்டமும் உள்ள மாமிச ஈக்கள் எங்கும் இருக்கின்றன. அவற்றின் இனத்தை ஆணின் இனப்பெருக்க உறுப்பை ஊசியால் வெளியே இழுத்துப் பார்த்தே பிரிக்கிறார்கள். அந்த உறுப்பு தெரியாத படத்துக்கு மாமிச ஈக் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொள்வதே சரியான விடை. கொசுவில் நிலைமை இன்னும் கடுமை. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்பது ஒரே இனம் அல்ல. ஆங்கில எழுத்துகளால் ஏ, பி, சி, டி, ஈ என்று குறிக்கப்படும் ஐந்து இனங்களின் தொகுதி. கண்ணுக்கு ஐந்தும் ஒன்றே. நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களைப் பார்த்துத்தான் அவற்றைப் பிரித்தார்கள்; ஐந்தாவதை ராமேசுவரம் தீவில் கண்டறிந்தார்கள். அது நோயைப் பரப்புவதில் வல்லது, அவற்றில் இரண்டாவதாகிய பி அப்படி அல்ல. எவ்வளவு துல்லியமான லென்சும் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

இதற்கு நேர்மாறாக, படம் மட்டுமே கையில் இருக்க, ஒரு புதிய இனத்துக்கே பெயர் வைத்ததும் நடந்திருக்கிறது. 2015இல் ஸ்டீபன் மார்ஷல், நீல் எவன்ஹூயிஸ் என்ற இரு ஈயியல் அறிஞர்கள், தென்னாப்பிரிக்காவில் எடுத்த படங்களைக் கொண்டு, தச்சன் வண்டு என்று நாம் சொல்லும் மரத்தேனீயைப் போலவே தோற்றமுள்ள ஓர் ஈக்கு மார்லேயிமியா சைலோகோப்பே என்று பெயரிட்டார்கள். பதப்படுத்திய உடல் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. இது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. உடல் இல்லாமல் பெயர் வைப்பதை ஏற்க முடியாது என்று பூச்சியியலாளர் பலர் எழுதினார்கள். நான் அந்தப் பலரின் பக்கம். அந்த ஈ தனித்தன்மை உடையது என்பதில் ஐயமில்லை, ஆனால் நாளை அதன் தம்பியோ தங்கையோ கிடைத்தால், ஒப்பிட்டுப் பார்க்கப் படத்தில் விழாத உறுப்பை எங்கே தேடுவது?

உடலைச் சேகரித்து வைத்தவர்களின் உழைப்பு எவ்வளவு பெரியது என்பதற்குக் கோயம்புத்தூர்க்காரர்களாகிய நமக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பி. சூசை நாதன் என்னும் பூச்சி சேகரிப்பாளர் காரைக்கால் பக்கம் குரும்பகரத்திலும் கோவையிலும் நீலகிரி, ஆனைமலைப் பகுதிகளிலும் பிடித்து அனுப்பிய பூச்சிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பெரிய கொசு என்று நாம் தவறாக எண்ணும் நெடுங்கால் ஈக்களை அவர் அமெரிக்காவில் இருந்த சார்லஸ் அலெக்சாண்டருக்கு அனுப்பினார். அலெக்சாண்டர் தம் வாழ்நாளில் 10,000க்கும் மேற்பட்ட நெடுங்கால் ஈ இனங்களுக்குப் பெயரிட்டவர். தென்னிந்திய இனங்களில் மிகப் பல நாதன் அனுப்பியவையே. அந்த ஈக்களின் கால் தொட்டாலே உதிரும். அப்படிப்பட்டதைப் பிடித்து, உலர்த்தி, கடல் கடந்து அனுப்பி, ஒவ்வொன்றோடும் ஊர், உயரம், நாள், பிடித்தவர் பெயர் எழுதிய சிறு சீட்டையும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் ஈயின் உடலுக்கு மதிப்பில்லை.

நம் படத்துக்கும் அதே சீட்டு வேண்டும். கைப்பேசியே இடத்தையும் நேரத்தையும் படத்துக்குள் எழுதி வைக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கிவிடுகிறது, படமும் சுருங்கி முள்மயிர்கள் கரைந்துவிடுகின்றன. யாராவது ஈயின் படம் அனுப்ப விரும்பினால் கோப்பாக இணைத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தச் செடியில், பூவிலா இலையடியிலா சாணத்திலா, என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். சோளக் குருத்தில் இருந்தது என்ற ஒரு சொல் குருத்து ஈயை நோக்கி என்னைத் திருப்பிவிடும்.

படம் எடுக்கும் முறையில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். பனி உலராத விடியற்காலையில் ஈ குளிர்ந்து மந்தமாக இருக்கும். அப்போது விரல் அகலத்துக்கு நெருங்கினாலும் பறப்பதில்லை. கைப்பேசியில் மாட்டும் சிறு லென்சே பெரும்பாலானவற்றுக்குப் போதுமானது. ஒளியைத் தாளாலோ வெள்ளைத் துணியாலோ மென்மையாக்க வேண்டும், இல்லையேல் பச்சை ஈயின் மார்பு கண்ணாடி போல மின்னி முள்மயிரின் வரிசையை மறைத்துவிடும். அந்த வரிசை சாதாரணமானதல்ல: மார்பில் எந்த இடத்தில் எத்தனை முள்மயிர் என்பதை வைத்து ஈக்களைப் பிரிக்கும் முறைக்கு ஈயியல் அறிஞர் ஆஸ்டன் சாக்கன் 1881இல் தனிப்பெயரே வைத்தார். பச்சையா நீலமா என்பதற்கு அந்த அளவு மதிப்பில்லை. ஒளி விழும் கோணம் மாறினால் அந்த நிறமும் மாறும். இப்போதைய கைப்பேசிகள் தாமாகவே படத்தைக் கூர்மையாக்கும்போது இல்லாத மயிரை வரைந்துவிடுவதையும் இருப்பதை அழித்துவிடுவதையும் நான் கண்டிருக்கிறேன். அந்த வசதியை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது.

கணினி சொல்லும் பெயரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தை ஏற்றியதும் வரும் பரிந்துரை, குடும்பம்வரை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. இனத்தின் பெயரில் அதை அப்படியே ஏற்பதில்லை. அது பயின்ற படங்களில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் மிகுதி என்பதால், நம் ஊர் இலையில் அமர்ந்த பச்சை ஈக்கு அங்குள்ள உறவினத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரை ஒருவர் ஒப்புக்கொள்ள, இன்னொருவர் வழிமொழிய, அதுவே அடுத்த முறை கணினிக்குப் பாடமாகிறது. பரிந்துரை வந்ததும், அந்த இனம் இந்தியாவில் பதிவாகியிருக்கிறதா, அதன் அடையாள உறுப்பு என் படத்தில் தெரிகிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகே நான் பெயரை எழுதுகிறேன். மலர் ஈக்களைப் பற்றி 1923இல் ஈயியல் அறிஞர் புருனெட்டி எழுதிய தொகுதியில் உள்ள, அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பெயரைக் கண்டறியும் திறவுகோல்கள், பெயர்கள் பல மாறிவிட்டபோதும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருவதில் இன்றும் உதவுகின்றன.

துளசிப் படங்களுக்கு வருகிறேன். தவறு தெரிந்த வாரம் 41 படங்களையும் மீண்டும் திறந்து, ஒவ்வொன்றிலும் இறக்கையை மட்டும் பார்த்தேன். 29 படங்களில் பொய் நரம்பு இல்லை. அவற்றுக்கு ஸ்டோமோரைனா என்று எழுதி, இனத்தின் இடத்தை வெறுமையாக விட்டேன். ஒன்பது படங்களில் இறக்கை மடிந்தோ மங்கியோ இருந்ததால் எந்தப் பெயரும் எழுதவில்லை. எஞ்சிய மூன்றில் பொய் நரம்பு தெளிவாக ஓடியது. இன்னும் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த மூன்றின் கண்ணில் இருந்தவை நிற வரிகளே அல்ல, செங்குத்தாக நிற்கும் வெண்மயிர்ப் பட்டைகள் என்று தெரிந்தது. அவை பராகஸ் என்னும் சின்னஞ்சிறு மலர் ஈக்கள். துளசிக்கு உண்மையான மலர் ஈயும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பராகஸில் சில இனங்களுக்கு மார்பின் பின்கோடியிலுள்ள சிறு தகட்டின் விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். என்னிடம் இருக்கும் மூன்று படங்களிலும் அந்த விளிம்பு இறக்கையின் நிழலில் மறைந்திருக்கிறது. இப்போது செடி மறுபடியும் கதிர்விட்டிருக்கிறது. பின்பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து எடுக்க வேண்டிய படம் அது. அதற்குத் தோதாக மதிலோரம் ஒரு முக்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன்.